ஓடும் ரெயிலுக்கு எண்ணெய் விட்டவர்

ரெயில் என்ஜினுக்கு எண்ணெய் விடும் ஆள் ஒருவர் இருந்தார். அவர் படித்தது என்ஜினீயர் படிப்பு. அதுவும் கடல் கடந்து போய்ப் படித்த படிப்பு. ஆனால் அவர் கையில் கிடைத்தது, கரி வாரும் மண்வாரியும் எண்ணெய்க் குவளையும்தான். அவருடைய தோல் கறுப்பாக இருந்தது. அதுதான் காரணம்.

அந்த எண்ணெய்க் குவளையை வைத்தே அவர் புகழ் பெற்றார். அவர் பெயர் எலைஜா மக்காய்.

லாரி ஓட்டுகிறவர்களும், பட்டறையில் கியர் ஆயில் மாற்றுகிறவர்களும் இவர் கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும். எந்த இடத்துக்கு எந்த எண்ணெய்? எவ்வளவு? எப்போது? இந்தக் கேள்விகளோடு 40 ஆண்டுகளுக்கு மேல் போராடியவர் இவர்.

தப்பி ஓடிய தாய் தந்தை

எலைஜாவின் தந்தை பெயர் ஜார்ஜ். தாயார் பெயர் மில்ட்ரெட். இருவரும் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள்.

அடிமைக்குக் கூலி கிடையாது. அவனை விற்கலாம்; வாங்கலாம். பெற்ற பிள்ளையைப் பிரித்து வேறு ஊருக்கு விற்றாலும் தாய் கேட்க முடியாது. ஆடு மாடு விற்பது போலத்தான்.

ஜார்ஜும் மில்ட்ரெட்டும் தப்பி ஓடினார்கள். அமெரிக்காவின் வடமாநிலங்களில் அடிமை முறை இல்லை. ஆனாலும் அங்கே நிற்பதற்குப் பயம். ஓடி வந்த அடிமையைப் பிடித்துக் கொண்டு போகச் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குள் போனால்தான் நிம்மதி. கனடா அப்போது பிரிட்டிஷாரிடம் இருந்தது. அங்கே அடிமை முறை ஒழிந்து விட்டது.

தப்பி வருகிறவர்களுக்கு உதவி செய்ய, இரக்கம் உள்ள மக்கள் ஒரு ரகசிய ஏற்பாடு வைத்திருந்தார்கள். பகலில் வீட்டில் ஒளித்து வைப்பார்கள். இரவில் அடுத்த வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். இப்படி வீடு வீடாக, ஊர் ஊராக, கனடா எல்லை வரை போய்ச் சேரலாம். இதற்குப் "பாதாள ரெயில்வே" என்று பெயர். பெயர்தான் ரெயில்வே. தண்டவாளமும் கிடையாது, என்ஜினும் கிடையாது. பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த ரெயில் இல்லாத ரெயில்வேயில் தப்பிய தம்பதியின் மகன்தான், பிற்காலத்தில் உண்மையான ரெயில்வேயின் சரித்திரத்தில் இடம் பிடித்தான்.

கனடாவில் கோல்செஸ்டர் என்ற ஊரில் 1844-ம் ஆண்டு எலைஜா பிறந்தான். ஜார்ஜ் தம்பதிக்கு 12 குழந்தைகள். வீட்டில் வசதி இல்லை. ஆனால் மகனுக்கு எந்திரங்களின் மேல் இருந்த ஆசையைப் பெற்றோர் கவனித்தார்கள்.

15 வயதில் கடல் பயணம்

எலைஜாவுக்கு 15 வயது ஆனது. பெற்றோர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். பையனைக் கப்பல் ஏற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே எடின்பரோ நகரில் எந்திரத் தொழில் கற்பதற்காக!

நினைத்துப் பாருங்கள். எழுத்துப் படிக்கக்கூட அடிமைகளுக்குத் தடை இருந்த காலம் அது. தப்பி வந்த அடிமைகளின் பிள்ளை, அட்லாண்டிக் கடலைத் தாண்டி என்ஜினீயர் படிப்புக்குப் போகிறான். அமெரிக்காவில் ஒரு கறுப்புப் பையனுக்கு அந்தப் பயிற்சி கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால்தான் அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டி வந்தது.

எலைஜா தொழில் கற்றார். மெக்கானிகல் என்ஜினீயர் என்ற தகுதியோடு திரும்பினார். இதற்குள் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்து விட்டது. 1865-ம் ஆண்டில் அடிமை முறையும் சட்டப்படி ஒழிந்தது. அவருடைய குடும்பம் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்ற ஊரில் குடியேறியது. எலைஜாவும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

கரி வாரும் வேலை

வேலை தேடிப் போனார். என்ஜினீயர் வேலை யாரும் கொடுக்கவில்லை. சட்டம் மாறினாலும் மனம் மாறவில்லை. கறுப்பு மனிதன் என்ஜினை வடிவமைப்பதா என்று நினைத்த காலம்.

கடைசியில் மிச்சிகன் சென்ட்ரல் ரெயில்ரோடு என்ற ரெயில்வே கம்பெனியில் வேலை கிடைத்தது. என்ன வேலை? என்ஜினில் கரி வாரிப் போட வேண்டும். ரெயில் நிற்கும் இடத்தில் இறங்கி, என்ஜினைச் சுற்றி வந்து எண்ணெய் விட வேண்டும். பயர்மேன் வேலையும், எண்ணெய்க்காரன் வேலையும் சேர்ந்தது.

கொதிக்கும் அடுப்புக்கு முன்னால் நின்று கரி வாருவது சாதாரண உழைப்பு அல்ல. என்ஜினை உண்டாக்கக் கற்றவர், என்ஜினுக்குத் தீனி போடும் ஆளாக நின்றார். மனம் எவ்வளவு நொந்திருக்கும்! ஆனாலும் அவர் வேலையை விட்டுப் போகவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவர் கேட்ட வேலை கிடைத்திருந்தால், மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து படம் வரைந்து கொண்டிருப்பார். எண்ணெய்க் குவளையின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திராது. அதற்காக அவருக்கு நடந்த அநியாயம் நியாயம் ஆகி விடாது.

எண்ணெய் படும் பாடு

இரும்பும் இரும்பும் உராய்ந்தால் சூடு பிறக்கும். சூடு ஏறினால் இரும்பு தேயும். சில சமயம் ஒன்றோடு ஒன்று பிடித்துக் கொள்ளும். நடுவில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் மாட்டு வண்டிக்காரர் அச்சில் மசகு போடுவதும் இதற்காகத்தான்.

மாட்டு வண்டி என்றால் நிறுத்தி மசகு போடலாம். நீராவி என்ஜினில் அது எளிதா?

நீராவி என்ஜினில் சிலிண்டர் இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. பிஸ்டனைத் தள்ளுவது நீராவி. ஓடும்போது சிலிண்டருக்குள் பயங்கரமான அழுத்தம் இருக்கும். அப்போது மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றினால், நீராவி எண்ணெயை முகத்தில் அடிக்கும். ஆகவே ரெயிலை நிறுத்த வேண்டும். அல்லது நீராவியை அடைத்து, ரெயில் தானாக உருளும் நேரம் பார்க்க வேண்டும். சில ரெயில்களில் பயர்மேன் ஓடுகிற என்ஜினின் ஓரப் பலகை மேல் நடந்து போய் எண்ணெய் விட்டு வருவார். கால் தவறினால் அவ்வளவுதான்.

நிறுத்தினால் நேரம் போகும். நிறுத்தாவிட்டால் என்ஜின் கெடும். ஒரே முறையில் நிறைய ஊற்றி விட்டால்? பாதி எண்ணெய் நீராவியோடு புகைபோக்கி வழியாகப் போய் விடும். கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் மறுபடியும் வறண்டு விடும்.

எண்ணெயிலும் தொல்லை இருந்தது. அந்தக் காலத்தில் சிலிண்டருக்கு மாட்டுக் கொழுப்பை உருக்கி ஊற்றுவது வழக்கம். கொழுப்பு நன்றாக வழுக்கும். ஆனால் நீராவியின் சூட்டில் அது சிதைந்து அமிலம் ஆகும். அந்த அமிலம் இரும்பையே அரிக்கும். பாதுகாக்க ஊற்றிய பொருளே பகையாகி விடும். பிறகு பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெய் வந்தது. அதைத் தனியாகவும், கொஞ்சம் கொழுப்பு சேர்த்தும் பயன்படுத்தினார்கள்.

இதையெல்லாம் எலைஜா புத்தகத்தில் படிக்கவில்லை. நிற்கும் ஊர் ஒவ்வொன்றிலும் இறங்கி, குவளையோடு என்ஜினைச் சுற்றி வந்து தெரிந்து கொண்டார்.

சொட்டுச் சொட்டாக...

இப்சிலான்டியில் அவருக்கு ஒரு சிறு பட்டறை இருந்தது. வேலை முடிந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்து யோசித்தார்.

என்ஜினை ஓட்டுவது நீராவி. அந்த நீராவியையே எண்ணெய் விடும் வேலைக்கும் வைத்தால் என்ன?

சிலிண்டரின் மேல் ஒரு எண்ணெய்க் கிண்ணம் வைத்தார். அதன் அடியில் ஒரு வால்வு. என்ஜின் ஓடும்போது நீராவியின் அழுத்தம் அந்த வால்வைத் திறக்கும். எண்ணெய் உள்ளே இறங்கும். நீராவியை அடைத்தால் வால்வும் அடைத்துக் கொள்ளும். ஓடும்போது எண்ணெய் உண்டு, நின்றால் இல்லை. ஆள் தேவையில்லை. ரெயிலை நிறுத்தவும் தேவையில்லை.

1872-ம் ஆண்டு ஜூலை மாதம் இதற்குப் பேட்டண்டு உரிமை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 28.

ஒரு உண்மையைச் சொல்லி விட வேண்டும். தானாக எண்ணெய் விடும் கருவியை உலகத்தில் முதன்முதலாகச் செய்தவர் எலைஜா என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரெயில்வே என்ஜினீயர் 1860-ம் ஆண்டிலேயே ஒரு கருவி செய்திருந்தார். வேறு பலரும் முயன்றார்கள். எலைஜாவின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கருவியோடு அவர் நிற்கவில்லை. என்ஜின் மாற மாற, சூடு ஏற ஏற, அதற்கு ஏற்ற கருவியைச் செய்து கொண்டே இருந்தார்.

அந்த 1872-ம் ஆண்டு அவருக்கு மகிழ்ச்சியை மட்டும் கொடுக்கவில்லை. 1868-ல் அவர் மணந்த ஆன் எலிசபெத் அந்த ஆண்டில்தான் இறந்து போனார். அடுத்த ஆண்டு அவர் மேரி எலினாரா என்ற பெண்ணை மறுமணம் செய்து கொண்டார். மேரியின் கதையும் சுவையானது. தப்பி ஓடிய அடிமைகளை ஒளித்து வைக்கும் ஒரு வீட்டில்தான் அவர் பிறந்தார். பிற்காலத்தில் டெட்ராய்ட் நகரில், ஆதரவற்ற கறுப்பு மூதாட்டிகளுக்கு ஒரு இல்லம் அமைக்க உழைத்தவர் அந்த அம்மையார்.

கருவி அவருடையது, பணம்?

எலைஜாவின் கருவிகள் பரவின. ரெயில் என்ஜின்களில் பொருத்தினார்கள். கப்பல் என்ஜின்களிலும் பொருத்தினார்கள்.

அப்படியானால் அவர் கோடீசுவரர் ஆகி இருக்க வேண்டுமே? ஆகவில்லை.

ஒரு கருவியைச் செய்து பார்க்கப் பணம் வேண்டும். பட்டறை வேண்டும். அவரிடம் முதல் இல்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. ஆகவே உரிமை கைக்கு வந்ததும் அதை முழுவதுமாகவோ, ஒரு பங்காகவோ பணக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்து விடுவார். அந்தப் பணத்தில் அடுத்த கருவியைத் தொடங்குவார். லாபம் வாங்கியவருக்குப் போகும். பல கருவிகள் வேறு கம்பெனிகளின் பெயரில்தான் கடைக்கு வந்தன. அவர் பெயர் அதில் இருக்காது.

1882-ம் ஆண்டில் குடும்பத்தோடு டெட்ராய்ட் நகருக்குப் போனார். எண்ணெய் விடும் கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொன்னார். ஒரு காலத்தில் குவளை தூக்கியவரிடம் யோசனை கேட்க ஆட்கள் வந்தார்கள்.

அவர் வாங்கிய பேட்டண்டுகள் 50-க்கு மேல். பெரும்பாலும் எண்ணெய் சம்பந்தப்பட்டவை. ஆனால் குடும்பப் பெண்களையும் அவர் மறக்கவில்லை. துணி இஸ்திரி போடுவதற்கு மடக்கு மேஜை ஒன்று செய்தார். அது 1874-ல். புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவி ஒன்றும் செய்தார். அது 1899-ல். கறுப்பின மக்களின் தலைவர்களில் ஒருவரான புக்கர் டி. வாஷிங்டன் 1909-ல் எழுதிய ஒரு நூலில், தம் மக்களிலே அதிகப் பேட்டண்டு பெற்றவர் என்று எலைஜாவைக் குறிப்பிட்டார்.

பென்சில் தூள்

எலைஜாவுக்கு 70 வயது நெருங்கியது. மற்றவர்கள் ஓய்வு எடுக்கும் வயது. அப்போதுதான் அவருக்கு மிகக் கடினமான கணக்கு வந்தது.

ரெயில் என்ஜின்களில் புது வகை நீராவி வந்து விட்டது. கொதித்த நீராவியை மறுபடியும் குழாய்களில் விட்டு, மேலும் சூடாக்கினார்கள். 300 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு! இதனால் கரி மிச்சம்; தண்ணீர் மிச்சம்; பலமோ அதிகம். ரெயில்வேக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

எண்ணெய்க்குத்தான் திண்டாட்டம். பழைய நீராவியில் கொஞ்சம் ஈரம் இருக்கும். அந்த ஈரமும் வழுக்கலுக்கு உதவும். புது நீராவி காய்ந்த நீராவி. அந்தச் சூட்டில் நேற்று வரை நன்றாக இருந்த எண்ணெய், கருகிப் பிசின் போல ஒட்டியது.

எண்ணெய் அதேதான். என்ஜின்தான் மாறி விட்டது. ஆகவே அந்த எண்ணெய் இனி உதவாது.

கருகாத பொருள் ஒன்று வேண்டும். கிராபைட் அப்படிப்பட்டது. நம் குழந்தைகள் எழுதும் பென்சிலின் நடுவில் இருக்கிறதே, அந்தக் கறுப்புப் பொருள்தான். விரலில் தேய்த்துப் பாருங்கள், வழவழ என்று இருக்கும். அந்தத் தூளை எண்ணெயில் கலந்து விட்டால், எண்ணெய் எரிந்தாலும் தூள் இரும்பின் மேல் படிந்து நிற்கும்.

சொல்வது சுலபம். கிராபைட் தூள் எண்ணெயில் கரையாது. அடியில் தங்கும். குழாயை அடைக்கும். அடைத்தால் சிலிண்டருக்கு ஒன்றும் போகாது. கிராபைட் இருந்தும் கெடுதல்தான். தூள் அடைக்காமல், எண்ணெயோடு சேர்ந்து அளவாக இறங்கும்படி ஒரு கருவி செய்தார் எலைஜா. 1915-ல் அதற்குப் பேட்டண்டு கிடைத்தது. அப்போது அவர் 70 வயதைக் கடந்த கிழவர். தம் வேலைகளிலேயே சிறந்தது இதுதான் என்பது அவருடைய எண்ணம்.

1920-ம் ஆண்டு, தம் பெயரிலேயே எலைஜா மக்காய் உற்பத்திக் கம்பெனி என்று ஒரு கம்பெனி தொடங்கினார். வாழ்நாள் முழுவதும் பிறர் பெயரில் வந்த கருவி, கடைசியில் அவர் பெயரில் வந்தது.

அதே ஊரில் ஒரு புதுப் பல்சக்கரம்

டெட்ராய்ட் நகரம் அதற்குள் மோட்டார் நகரமாக மாறி விட்டது. அதே ஊரில் பாக்கார்டு என்ற கார் கம்பெனி இருந்தது. 1926-ம் ஆண்டில் அவர்கள் தங்கள் காரின் பின் அச்சில், அதாவது டிபரன்ஷியலில், ஹைப்பாய்டு என்ற புது வகைப் பல்சக்கரத்தை வைத்தார்கள். இது எலைஜாவின் வேலை அல்ல. ஆனால் அவர் சந்தித்த அதே கணக்கு மறுபடியும் வந்தது.

பழைய முறையில் பினியன் என்ற சிறு பல்சக்கரம், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தின் நடுமட்டத்தில் நிற்கும். ஹைப்பாய்டில் பினியன் கீழே இறங்கி நிற்கும். இதனால் காரின் தளத்தைத் தாழ்வாக வைக்கலாம். சத்தமும் குறைவு. ஆனால் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று உருளுவதோடு, மிகுந்த அழுத்தத்தோடு வழுக்கியும் ஓடும். சாதாரண எண்ணெய்ப் படலத்தை அது துடைத்து எறிந்து விடும். பற்கள் தேயும்.

எனவே எண்ணெயில் மருந்து சேர்த்தார்கள். முதலில் கந்தகம், ஈயம். பிற்காலத்தில் கந்தகம், பாஸ்பரஸ். பற்கள் அழுத்திச் சூடாகும் இடத்தில், இந்த மருந்து இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய பூச்சாக நிற்கும். கிராபைட் செய்த வேலையை இது வேறு வழியில் செய்கிறது.

இன்றைக்கு டப்பாவில் ஜி.எல்.5 என்று போட்டிருப்பது ஹைப்பாய்டு டிபரன்ஷியலுக்கு ஏற்றது. மருந்து அதிகம். ஜி.எல்.4 என்பது மருந்து குறைந்தது. கையால் கியர் மாற்றும் பல கியர்பாக்ஸ்களுக்கு அதுதான். கியர்பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் உண்டு. கியர் சத்தமில்லாமல் விழுவது அவற்றால்தான். மருந்து அதிகமான எண்ணெய் சில சமயம் பித்தளையை அரிக்கும். எண்ணெய் அதிகம் வழுக்கினாலும் வளையம் பிடிக்காது. கியர் கரகர என்று விழும். ஜி.எல்.4 எண்ணெயை ஹைப்பாய்டுக்கு ஊற்றினாலோ, பற்கள் போய் விடும்.

அப்படியானால் 5 என்பது 4-ஐ விட உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்வது? வேலை வேறு, அவ்வளவுதான். 80டபிள்யூ-90 என்பது போன்ற எண்கள் தடிமனைச் சொல்பவை. டபிள்யூ சேர்ந்த முதல் எண் குளிர் காலத்துக்கு. பின் எண் சூடான நிலைக்கு. எண் பெரிதானால் எண்ணெய் தடிமன். சில கியர்பாக்ஸுகளுக்கு கியர் ஆயிலே கூடாது. வேறு மெல்லிய எண்ணெய் கேட்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எழுதியிருக்கும். மாட்டுக் கொழுப்புக் காலத்தில் அப்படி ஒரு புத்தகம் இல்லை. எலைஜா போன்றவர்கள் கையைச் சுட்டுக் கொண்டுதான் கற்றார்கள்.

கடைசி நாட்கள்

1922-ம் ஆண்டில் எலைஜாவும் மேரியும் ஒரு கார் விபத்தில் சிக்கினார்கள். அந்தக் காயத்திலிருந்து மேரி மீளவில்லை. அரை நூற்றாண்டு கூட இருந்த துணை போய் விட்டது. எலைஜாவுக்கும் பலத்த காயம். அதன் பிறகு அவர் உடல் தேறவில்லை. மனமும் தளர்ந்தது. கையில் இருந்த பணமும் கரைந்தது.

கடைசியில் ஈலோயிஸ் என்ற பொது மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். ஏழைகளுக்கும் முதியவர்களுக்கும் இடம் கொடுத்த மருத்துவமனை அது. 1929-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி அங்கே இறந்தார். வயது 85.

அமெரிக்காவில் அசல் சரக்குக்கு "ரியல் மக்காய்" என்று சொல்வது உண்டு. போலிக் கருவிகளை ஒதுக்கி, மக்காய் கருவிதான் வேண்டும் என்று ரெயில்வேக்காரர்கள் கேட்டதால் வந்த சொல் அது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய இதே சொல் 1856-லேயே வழங்கியது. அப்போது எலைஜாவுக்கு வயது 12. எடின்பரோவுக்கே அவர் போகவில்லை.

அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்தில் 2001-ம் ஆண்டில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2012-ல் அமெரிக்க அரசு டெட்ராய்ட் நகரில் ஒரு பேட்டண்டு அலுவலகம் திறந்தது. அதற்கு எலைஜா மக்காயின் பெயரைத்தான் வைத்தார்கள்.